கால்தகட்டுக்கு அடியில்

ஓடாமல் கிடக்கிற புல்டோசரைச் சரி செய்யலாமா, பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டு வருடத்துக்கு ஏழெட்டுப் பேராவது என்னைக் கூப்பிடுவார்கள். மரம் வெட்டும் கம்பெனியின் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் டீசல் இன்ஜின்களுக்குள் தலையை விட்டுக் கிடந்தவள் நான். இந்த விஷயத்தில் எனக்கு இரக்கம் கிடையாது. பாதிப் பேரிடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அப்பா ஓட்டியது, மாமனார் ஓட்டியது என்று கண் கலங்குவார்கள். இருக்கட்டும், படம் எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

ஆர்டிஸ் லிண்ட்வால் கூப்பிட்டபோது மட்டும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

"எங்க வண்டி உனக்குத் தெரியும்ல ரோண்டா?"

தெரியாமல் என்ன. லோன்பைன் ஓடைக்கரையில் எல்லோருக்கும் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன் அவள் புருஷன் நெல்ஸைக் கொன்ற வண்டி அது. மேட்டு மேய்ச்சலுக்குப் போகும் பாதையில் விழுந்து கிடந்த மரத்தை இழுக்கப் போனார் நெல்ஸ். வண்டியைச் சரிவில் நிறுத்திவிட்டு இறங்கி, பின்னால் போய்க் குனிந்து மரத்துக்குச் சங்கிலி மாட்டினார். வண்டி பின்னோக்கி உருண்டுவிட்டது. 'பிரேக்கைப் பூட்டவில்லை, ஓட்டியவரின் கவனக்குறைவு' என்று ஷெரிஃப் ஆபீசிலிருந்து வந்தவன் வண்டியில் ஏறிக்கூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டு போனான். அன்றைக்கே நெல்ஸின் தம்பி லாய்டு தன் டிராக்டரால் அதை இழுத்துவந்து வீட்டுக்குப் பின்னால் பைன் மரங்களுக்கு அடியில் விட்டதோடு சரி. அதற்கப்புறம் அது நகரவே இல்லை.

"வியாழக்கிழமை இரும்பு லாரி வருது" என்றாள் ஆர்டிஸ். "லாய்டு ஏற்பாடு பண்ணிட்டான். கேரின் குடுக்கவே கூடாதுன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறா. சித்தப்பனும் மகளும் மூணு வாரமா மூஞ்சி குடுத்துப் பேசிக்கல. நீ வந்து பாத்து, ஆகுமா ஆகாதான்னு ஒரே வார்த்தையில சொல்லிடு. நீ சொல்றதுதான்னு ரெண்டு பேருமே ஒத்துக்கிட்டாங்க."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"நான் அது பக்கமே போனதில்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோதே லாரி வந்து நின்றிருந்தது. முதலில் வீட்டுக்குள் போனேன். ஆர்டிஸ் காபி ஊற்றி வைத்தாள். அறுபத்து நான்கு வயது. மாட்டை அடக்கிப் பழகிய கைகள். ஜன்னல் திரையை இழுத்து மூடியிருந்தாள். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் பைன் மரங்கள் தெரியும்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கேரினுக்கும் தெரியாது, லாய்டுக்கும் தெரியாது" என்றாள்.

"சொல்லுங்க."

"அன்னைக்குக் காலையில எங்களுக்குள்ள பெரிய சண்டை. என் அக்கா ஸ்போகன் சிட்டியில ஆஸ்பத்திரியில கிடந்தா. கூட்டிட்டுப் போன்னு கேட்டேன். பாதையைத் தெறந்துட்டு நாளைக்குப் போலாம்னான். உன் பாதையும் நீயும் ஒழிஞ்சு போங்கன்னு கத்தினேன். கதவை அறைஞ்சு சாத்தினேன்." அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முப்பத்தோரு வருஷத்துல அந்த ஆளு பிரேக்கைப் பூட்டாம இறங்கினதே கிடையாது. தண்ணி குடிக்க இறங்கினாக்கூடப் பூட்டுவான். அன்னைக்கு மட்டும் மறந்துட்டான். என் கத்தல்தான் அவன் மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்திருக்கும்."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. காபியைக் குடித்துவிட்டு எழுந்தேன். "போய்ப் பாத்துட்டு வரேன்" என்றேன்.

பின்பக்கம் போனால் அங்கே வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. லாரியில் கயிற்றைச் சுருட்டி இழுக்கிற வின்ச்சிலிருந்து இரும்புக் கயிறு நீண்டு, வண்டியின் முன்பக்கக் கொக்கியில் ஏற்கெனவே மாட்டப்பட்டிருந்தது. கேரின் வண்டியின் முன்னால் மண் தள்ளுகிற பிளேடு மேல் ஏறி, கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்தொன்பது வயது, நெல்ஸின் அதே தாடை. அவளுக்கு எதிரே லாய்டு நின்றிருந்தார். லாரிக்காரன் டுவேன் கதவில் சாய்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டிருந்தான்.

"கொக்கியைக் கழட்டுங்க சித்தப்பா."

"ரோண்டா பாக்கட்டும். பாத்து முடிக்கட்டும். அப்புறம் கழட்டறதா வேணாமான்னு பாக்கலாம்."

"பாக்குறதுக்கு முன்னாடியே கயித்தைக் கட்டியாச்சு. செத்துட்டானான்னு நாடி பிடிக்க டாக்டர் வர்றதுக்குள்ள பெட்டிக்கு ஆணி அடிக்கிற கதையா இருக்கு."

"அது செத்து ஒன்பது வருஷம் ஆச்சும்மா. இன்ஜின் இறுகிப்போச்சு. போன வருஷம் நானே கடப்பாரை போட்டுப் பாத்தேன், அசையல."

"வாடி ரோண்டா" என்றான் டுவேன். "சீக்கிரம் தீர்ப்பைச் சொல்லு. ஒரு மணிக்கு நான் அடுத்த ஊர்ல இருக்கணும். இவங்க குடும்பச் சண்டையை வேடிக்கை பாக்க எனக்கு யாரும் டிக்கெட் குடுக்கல."

"விதையைத் துப்பாம இருந்தா சீக்கிரம் சொல்றேன். எண்ணெய் எது எச்சில் எதுன்னு எனக்குத் தெரியணும்ல."

கேரின் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. முந்தின ஆகஸ்டில் மலைமுகட்டைத் தாண்டித் தீ இறங்கியது. தீயணைப்புக்காரர்கள் இருந்த புல்டோசர்களையெல்லாம் ஊர்ப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். இவர்கள் மண்வெட்டியோடு இரண்டு நாள் நின்றார்கள். வைக்கோல் கொட்டகை போனது, முப்பத்து நான்கு பசுக்கள் போயின. சொந்தமாக ஒரு புல்டோசர் இருந்திருந்தால் அரை நாளில் புல்லையும் புதரையும் சுரண்டி ஒரு வெட்டுக்கோடு போட்டுத் தீயை நிறுத்தியிருக்கலாம். வீட்டுக்குப் பின்னால் ஒன்று சும்மா நிற்கிறது என்பதை அப்போதுதான் அவள் முதல் முறையாக வேறு கண்ணால் பார்த்திருக்கிறாள்.

நான் பார்க்க ஆரம்பித்தேன். புகைபோக்கியின் வாயில் ஒரு காபி டின்னைக் கவிழ்த்து, கம்பியால் கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு நம்பிக்கை வந்தது. மூடாமல் விட்ட புகைபோக்கி வழியாகத்தான் மழைத்தண்ணீர் இறங்கி இன்ஜின் இறுகும்.

"இதை மூடினது யாரு?"

கேரின் உதட்டைப் பிதுக்கினாள். "நான்தான்" என்றார் லாய்டு. "இழுத்துட்டு வந்த அன்னைக்கு. மழை வர்ற மாதிரி இருந்துச்சு."

இறந்த அண்ணனின் உடம்பை எடுத்துப் போன அதே நாளில், வண்டிக்குள் மழை இறங்கக் கூடாது என்று டின் தேடி மூடியிருக்கிறார். அதே ஆள் இப்போது அதைப் பழைய இரும்புக்குத் தள்ளத் துடிக்கிறார். இது எனக்குப் புரியவில்லை. புரியாததை அப்படியே வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

எண்ணெய்க் குச்சியை உருவினேன். கறுப்பு; ஆனால் தண்ணீர் கலந்த பால் நிறம் இல்லை. அடியில் திருகைத் தளர்த்தி ஒரு சொட்டு விட்டேன். முதலில் வந்தது எண்ணெய்தான், தண்ணீர் இல்லை. பெரிய இன்ஜினை உசுப்புவதற்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கும் சின்ன பெட்ரோல் இன்ஜினைத் திறந்தால் எலிக்கூடு. அது ஒரு விஷயமே இல்லை. சக்கரத்துக்குப் பதிலாக ஓடுகிற இரும்புச் செயின்களைத் தட்டிப் பார்த்தேன், பற்களை விரலால் அளந்தேன். பாதி தேய்மானம். இன்னும் பத்து வருடம் ஓடும்.

அப்புறம் இன்ஜினின் பக்கத்துளைக்குள் கடப்பாரையை விட்டு, இன்ஜினோடு சுற்றுகிற கனத்த சக்கரமான ஃபிளைவீலின் பல்லில் முட்டுக் கொடுத்தேன். கேரின் பிளேடிலிருந்து குதித்து வந்து பக்கத்தில் நின்றாள். நான் அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தினேன். கடப்பாரை வளைந்தது.

"நான் சொல்லல?" என்றார் லாய்டு.

கடப்பாரையை எடுத்து அடுத்த பல்லில் வைத்து, எதிர்ப்பக்கமாகத் தள்ளினேன். ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தது. இரும்புக்குள்ளிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு கேட்டது. ஃபிளைவீல் ஒரு விரல் அளவு நகர்ந்தது. மறுபடி தள்ளினேன். ஒரு சாண்.

கேரின் கூச்சல் போட்டு என் முதுகில் அறைந்தாள். "சுத்துது! சுத்துது!" டுவேன்கூட விதை கொறிப்பதை நிறுத்திவிட்டான். நான் லாய்டைத் திரும்பிப் பார்த்தேன். பந்தயத்தில் தோற்றவனுக்கு வருகிற முகத்தை எனக்குத் தெரியும். அவருடையது அது இல்லை. அவர் பயந்துபோயிருந்தார்.

"சரி, நீ ஜெயிச்சுட்ட" என்று கேரினிடம் சொன்னார். "வண்டி இருக்கட்டும். லாரியை அனுப்பிடலாம். ரோண்டா, நீயும் கிளம்பு. இன்னொரு நாள் நானே வந்து கூட நின்னு மத்ததைப் பாக்கறேன்."

"இன்னும் பாதி பாக்கவே இல்ல. பின்னால கியர், பிரேக்கு எல்லாம் பாக்கணும். சீட்டுக்கு முன்னால இருக்கிற கால்தகட்டைத் திறக்கணும்."

"இன்ஜின்தான் சுத்துதே. அதுக்கு மேல என்ன?"

"இவ்வளவு நேரம் குப்பைன்னீங்க. இப்ப திறக்காமலே நல்ல வண்டிங்கறீங்க."

கேரின் அம்மாவிடம் சொல்வதற்காக வீட்டைப் பார்த்து ஓடினாள். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கைக்கு ஏறினேன். ஏறியதும் ஒன்று கண்ணில் பட்டது. வலது பிரேக் பெடல் கீழே அமுங்கியிருந்தது. பக்கத்திலுள்ள பூட்டுப் பல் அதைக் கவ்விப் பிடித்திருந்தது. அது வெளியே வராதபடி துரு ஏறி இறுகியிருந்தது.

இந்த வகை வண்டியில் வலது பெடலை அழுத்திப் பூட்டினால் இரண்டு செயினும் நின்றுவிடும். பூட்டினால் நகரவே நகராது.

"லாய்டு, இந்தப் பெடலை யாரு பூட்டினது?"

"எனக்கென்ன தெரியும். இழுத்துட்டு வந்தப்புறம் யாராவது மிதிச்சிருப்பாங்க."

"நீங்கதான இழுத்துட்டு வந்தீங்க. அப்ப எப்படி இருந்துச்சு?"

"ஞாபகம் இல்ல."

கால்தகட்டுக்கு நான்கு போல்ட். மூன்று சுலபமாக வந்தது. நான்காவதை உளியால் வெட்ட வேண்டியிருந்தது. அதுவரை லாய்டு செயினைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றே இருந்தார். தகட்டைத் தூக்கினேன். உள்ளே டார்ச் அடித்தேன்.

பெடலிலிருந்து போகும் கம்பி, பிரேக்கை இறுக்கும் கையோடு சேர வேண்டும். இரண்டையும் கோர்ப்பதற்கு விரல் தடிமனில் ஓர் எஃகுப் பின் இருக்கும். அது இல்லை. கம்பி எதனோடும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பியின் கவட்டைத் துளையில் பாதி ஆணி நின்றது. பாலத்துப் பலகைக்கு அடிக்கிற பெரிய ஆணி. கத்தியால் நறுக்கியதுபோல நடுவில் அறுந்திருந்தது.

நெல்ஸ் பூட்டிவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். ஆணி கொஞ்ச நேரம் தாங்கியிருக்கிறது, அவர் பின்னால் போய்க் குனிகிற வரைக்கும்.

நான் பாதி ஆணியை உருவி உள்ளங்கையில் வைத்துக் கீழே காட்டினேன். லாய்டு அதைப் பார்க்கவில்லை. தன் பூட்ஸைப் பார்த்தார்.

"நீங்க போட்டதா?"

செயின்மேல் கையை ஊன்றிக்கொண்டார். "அதுக்கு முந்தின வாரம் வெட்டின மரத்தோட அடிக்கட்டை பிடுங்க வண்டியை வாங்கிட்டுப் போயிருந்தேன். பின்னு உடைஞ்சு எங்கேயோ விழுந்துடுச்சு. ரெண்டு நாள் தாங்கும்னு ஆணியைப் போட்டேன். திங்கக்கிழமை டவுனுக்குப் போய் வாங்கிட்டு வரலாம்னு. சனிக்கிழமையே அவன் வந்து எடுத்துட்டான். வண்டி நல்லா இருக்காடான்னு கேட்டான். நல்லா இருக்குன்னு சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"உன் கையில குடுத்தா எதுவும் முழுசாத் திரும்பி வராதுன்னு சின்ன வயசுலேர்ந்து சொல்லுவான். இன்னொரு தடவை அதைக் கேக்க வேணாம்னு தோணுச்சு. அவ்வளவுதான் ரோண்டா. அதுக்காகத்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த ஒன்பது வருஷமும் அவங்களுக்கு வைக்கோல் வெட்டினது நான். பனியில மாட்டுக்குத் தீனி கொண்டுபோனது நான். அதையெல்லாம் எடுத்துடாதே. அந்த ஆணியைக் குடு. வண்டி ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. இது உருகிப்போகட்டும்."

"வண்டியைப் பத்தி ஆர்டிஸ் கேட்டா நான் பாத்ததைச் சொல்லணும். பிரேக்கும் வண்டியிலதான் இருக்கு."

"அவளுக்கு என்ன லாபம் அதுல? செத்தவன் திரும்பி வருவானா?"

ஆர்டிஸ் காலையில் சொன்னது என் நாக்கு நுனி வரை வந்தது. அது அவளுடைய ரகசியம். விழுங்கிக்கொண்டேன். "நீங்களே சொல்லுங்க. நான் சொல்றதுக்கும் நீங்க சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்கு. வேலையை முடிச்சுட்டு இறங்குறேன். அதுக்குள்ள முடிவு பண்ணுங்க."

அவர் மெல்லத் திரும்பி லாரியைப் பார்த்து நடந்தார். நான் மறுபடியும் குனிந்து, அறுந்த ஆணியின் அடுத்த பாதி உள்ளேதான் கிடக்கும் என்று, தோள் வரை கையை விட்டுத் துழாவினேன். செயினோடு சேர்ந்து சுற்றுகிற பெரிய உருளைக்கும் பெட்டியின் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடம் மட்டுந்தான் இருந்தது. அடியில் இறுகிப்போன எண்ணெய்ச் சேற்றில் விரல் எதையோ தொட்டது.

வின்ச் உறுமுகிற சத்தம் கேட்டது.

நான் கத்துவதற்குள் இரும்புக் கயிறு விறைத்தது. வண்டி முழுவதும் ஒரு தடவை முனகியது. அப்புறம் வெட்டி இழுத்தாற்போல் முன்னால் பாய்ந்தது. உள்ளே உருளை சுற்றி என் சட்டைக் கையைக் கவ்விக்கொண்டது. முழங்கைக்கு மேலே எலும்பு நசுங்குகிற மாதிரி ஓர் இறுக்கம். நான் கத்தினேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

"நிறுத்துய்யா! அவ உள்ள இருக்கா! நிறுத்து!" என்று டுவேன் அலறினான். லாய்டைத் தள்ளிவிட்டு வின்ச்சின் கைப்பிடியை அவன்தான் அடித்து நிறுத்தினான். இன்னும் ஒரு சாண் நகர்ந்திருந்தால் எனக்கு வலது கை இருந்திருக்காது.

டுவேன் ஏறி வந்து கத்தியால் சட்டைக் கையை அறுத்து என்னை விடுவித்தான். தோல் உரிந்திருந்தது, ரத்தம் வந்தது, விரல்கள் அசைந்தன. "அசையுது பாரு, அசையுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். "அந்தாளு என்னைக் கேக்கவே இல்லடி. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுட்டு இருந்தேன்."

வீட்டிலிருந்து ஆர்டிஸும் கேரினும் ஓடி வந்தார்கள். ஒன்பது வருடமாக அந்தப் பக்கம் கால் வைக்காதவள், தலைமுடி அவிழ, செருப்பு ஒன்று கழன்று விழ ஓடி வந்தாள். லாய்டு வின்ச்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அவ கை உள்ள இருக்குன்னு தெரியாது" என்றார். "சத்தியமாத் தெரியாது ஆர்டிஸ். இதை இங்கேர்ந்து கொண்டுபோயிட்டாப் போதும்னு நினைச்சேன். இப்ப இவளையும்..."

"இவளையுமா?" என்றாள் ஆர்டிஸ். "இவளையும்னா?"

அப்போதுதான் சொன்னார். என்னிடம் சொன்னதை அப்படியே, அந்த வரிசையிலேயே சொன்னார். பின், ஆணி, திங்கட்கிழமை, நல்லா இருக்கு என்று சொன்ன பொய். கேரின் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் முடித்ததும் ஆர்டிஸ் அவரிடம் ஒன்றும் கேட்காமல் என்னிடம் திரும்பினாள்.

"பெடல் பூட்டி இருந்துச்சா?"

"பூட்டித்தான் இருக்கு. இப்பவும்."

"வேற யாராவது பூட்டியிருக்கலாமா?"

"துரு ஏறி இறுகிக் கிடக்கு. அன்னைக்கு மிதிச்ச கால்தான். அவரு பூட்டிட்டுத்தான் இறங்கியிருக்காரு ஆர்டிஸ்."

அவள் செயினைப் பிடித்து ஏறினாள். உதவிக்குக் கை நீட்டிய டுவேனைத் தட்டிவிட்டாள். இருக்கையில் உட்காரவில்லை. மண்டியிட்டு, அந்தப் பெடலை இரண்டு கையாலும் மேலே இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். அப்புறம் நெற்றியைப் பெடல்மேல் வைத்துக்கொண்டு, "மறக்கல, மறக்கல" என்று அழுதாள். அந்த அழுகை எதற்கென்று எனக்கு மட்டுந்தான் தெரியும். மற்றவர்கள் புருஷனுக்காக அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

இறங்கி வந்தபோது முகம் காய்ந்திருந்தது. லாய்டின் முன்னால் போய் நின்றாள்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் என் மேசையில உக்காந்து சாப்பிட்டே. என் முகத்தைப் பாத்து உப்பை எடுத்துக் குடுன்னு கேட்டே."

"ஆமா."

"வைக்கோலை நீ யாருக்காக வெட்டினே? எனக்காகவா, உனக்காகவா?"

அவர் தரையில் கையை ஊன்றி எழப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போ லாய்டு. நாளைக்கு வராதே. ஞாயித்துக்கிழமையும் வராதே."

அவர் எழுந்து நடந்து போனார். தன் டிரக்கை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதுகூட அவருக்கு நினைவில்லை. ஓடையைத் தாண்டி இரண்டு மைல் நடந்தே போனார்.

டுவேன் தொண்டையைச் செருமினான். "நான் கேக்கக் கூடாதுதான். ஆனா கயிறு இன்னும் மாட்டியே இருக்கு."

ஆர்டிஸ் என்னைப் பார்த்தாள். "நீ எதுக்கு வந்தியோ அதைச் சொல்லு ரோண்டா. ஆகுமா ஆகாதா?"

என் கையில் கேரின் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். வலி ஏறிக்கொண்டிருந்தது. சற்று முன் என்னை விழுங்கப் பார்த்த வண்டி. அதை வெறுப்பதற்கு எனக்கு எல்லா உரிமையும் இருந்தது. "ஆகும்" என்றேன். "இன்ஜின் நல்லா இருக்கு. செயின் பாதி இருக்கு. சின்ன இன்ஜினைப் பிரிச்சு மாட்டணும். பிரேக்கு, ஸ்டியரிங் கிளட்ச் எல்லாத்தையும் கழட்டித் துருவைத் தட்டணும். மூணு நாலு மாசம் ஆகும். ஆனா ஆகுமாங்கறது ஒரு கேள்வி, அதை நீங்க தினம் பாத்துட்டு இருக்க முடியுமாங்கறது வேற கேள்வி. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல."

கேரின், "அம்மா, இப்ப வேணாம்னாலும் சரி" என்றாள். காலையிலிருந்து பிளேடு மேல் உட்கார்ந்திருந்தவள் அவள். "நிஜமாத்தான் சொல்றேன். போகட்டும்."

"எதுக்குப் போகணும்?" என்றாள் ஆர்டிஸ். "அது என்ன பண்ணுச்சு? டுவேன், கொக்கியைக் கழட்டு."

அடுத்த திங்கட்கிழமை லாய்டு தானாகவே ஷெரிஃப் ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்தார். யாரும் போகச் சொல்லவில்லை. என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அறுந்த பாதி ஆணியையும் பெடலின் படத்தையும் கொடுத்தேன். செப்டம்பர் கடைசியில் ஆர்டிஸுக்குத் திருத்திய காகிதம் வந்தது. கவனக்குறைவு என்ற வார்த்தையை எடுத்துவிட்டிருந்தார்கள். அவள் அதைப் பத்திரப்படுத்தவில்லை. டவுனில் காலைக் காபிக்குக் கூடுகிற கிழவர்கள் இருக்கிறார்களே, நெல்ஸ் எப்படிச் செத்தான் என்று ஒன்பது வருடமாகத் தலையை ஆட்டிப் பேசியவர்கள், அவர்கள் மேசையில் கொண்டுபோய் விரித்தாள். "ஒவ்வொருத்தரா படிங்க. கண்ணாடி இல்லாதவங்க பக்கத்துல இருக்கறவன்கிட்டக் கேளுங்க" என்றாள். எல்லோரும் படித்து முடிக்கும் வரை நின்றுகொண்டே இருந்தாளாம்.

வண்டி நவம்பரில் ஓடியது. சனி ஞாயிறெல்லாம் நானும் கேரினும் அதன் அடியில் கிடந்தோம். அந்தக் குடும்பத்தில் லாய்டின் பெயரை யாரும் எடுக்கவில்லை. தீனி, வேலி, வைக்கோல் எல்லாம் கேரின் தலையில் விழுந்தது. இளைத்துப்போனாள். ஆர்டிஸ் மறுபடியும் மாடுகளோடு வெளியே போக ஆரம்பித்தாள்.

ஜனவரியில் மூன்று நாள் விடாமல் பனி கொட்டியது. பாதை எங்கே, வேலி எங்கே என்று தெரியவில்லை. நான் அன்றைக்கு அவர்கள் வீட்டில் மாட்டிக்கொண்டேன். நான்காம் நாள் காலை கேரின் புல்டோசரை எடுத்துக் கொட்டகை வரை பாதை திறந்தாள், அப்புறம் ஓடைப் பாலம் வரை திறந்தாள். திரும்பி வந்து, இன்ஜினை நிறுத்தாமல், இருக்கையிலிருந்தே கத்தினாள்.

"அம்மா! பாலத்துக்கு அந்தப் பக்கம் யாரும் பனியைத் தள்ளவே இல்ல. அவரு வீட்டுப் புகைபோக்கியில புகை வருது. ஆனா வண்டித் தடம் எதுவும் இல்ல."

ஆர்டிஸ் சமையலறை வாசலில் நின்றாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரே வீடு லாய்டினுடையது. அவள் கையில் பாத்திரம் துடைக்கிற துணி இருந்தது. அதை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அவன் வீட்டு கேட் வரைக்கும் தள்ளு" என்றாள். "உள்ள போகாதே."

கேரின் போனாள். முக்கால் மணி நேரம் அந்த இன்ஜின் சத்தம் ஓடைக்கு அப்பால் ஏறி இறங்கிக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆர்டிஸ் பாத்திரம் எல்லாவற்றையும் கழுவி முடித்து, கழுவிய பாத்திரங்களையே மறுபடி எடுத்துக் கழுவினாள். கேரின் வந்து, பூட்ஸிலிருந்து பனியை உதறி, அடுப்புக்குப் பக்கத்தில் கையைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"இருந்தானா?" என்று கேட்டாள் ஆர்டிஸ், திரும்பாமல்.

"கேட் பக்கத்துல நின்னாரு. மண்வெட்டியை வெச்சுக்கிட்டு."

"எதாவது சொன்னானா?"

"இல்ல. நானும் சொல்லல."

"நல்லா நடமாடறானா?"

"ம்."

அந்தக் குளிர்காலத்தில் அந்த வீட்டில் லாய்டைப் பற்றி நடந்த பேச்சு அவ்வளவுதான்.